ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு வைத்த கை

கால வரம்பு அதிகாரி தவசிமுத்து காலை ஒன்பது ஐம்பதுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, ஐரீனின் பால் பூத்தில் விற்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு அரை லிட்டர் பாக்கெட். அதன் மேல் அச்சடித்திருந்த கெடு பத்து மணி. பத்து அடித்து ஒரு விநாடி தாண்டினாலும் அது பால் இல்லை, குற்றம்.

புதிய விதி அப்படித்தான் சொன்னது. பதப்படுத்திய பாலைப் பாக்கெட்டில் அடைத்த நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விற்றுவிட வேண்டும். விற்காத பாலைக் கீழே கொட்டலாம், ஆனால் அதற்கு ஒரு நாள் முன்னதாக மனுப் போட வேண்டும். நாளைக்கு எந்தப் பாக்கெட் மிச்சமாகும் என்று இன்றைக்கே தெரிந்தவர்கள் ராயபுரத்தில் பால் விற்றுக்கொண்டா இருப்பார்கள்? யாருக்காவது சும்மா தூக்கிக் கொடுத்துவிடலாம் என்றால், சும்மா கொடுப்பது விற்பனை ஆகாது, ஆகவே அது விற்காத பால். கடைக்காரரே வாங்கிக் குடித்துவிடலாம் என்றால், தன் சரக்கைத் தானே வாங்கக் கூடாது என்று ஒரு உட்பிரிவு. யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரி பகலாக உட்கார்ந்து, தப்பிக்கிற ஓட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறார்.

மூன்று கரும்புள்ளி விழுந்தால் பூத்துக்குப் பூட்டு. ஐரீனுக்கு ஏற்கெனவே இரண்டு. முதலாவது, விதி அமலுக்கு வந்த முதல் நாளே விழுந்தது. விதி அமலுக்கு வந்த செய்தி ராயபுரத்துக்கு வந்து சேர மேலும் மூன்று நாள் ஆனது. இரண்டாவது, பால் வண்டி எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அன்றைக்கு. லாரிகளைப் பற்றி விதியில் ஒரு வார்த்தையும் கிடையாது.

ஆறடிக்கு நாலடி தகரப் பெட்டி அந்த பூத். ஐரீன் அதற்குள் பத்தொன்பது வருடமாக விடியற்காலையில் நுழைகிறாள். வீட்டில் அவள் ஹென்றியின் மனைவி, மாமியாருக்கு மருமகள், மாதா கோயிலில் அன்பியக் குழுவுக்குச் சந்தா வசூலிக்கிற அக்கா. பெட்டிக்குள் போனால்தான் அவள் ஐரீன். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஹென்றி, "போனா போவுது வுடு, வூட்ல குந்திக்கினு டீவி பாரு" என்று சொன்ன அன்றிலிருந்து அவள் அவரிடம் சரியாகப் பேசுவதில்லை.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்குங்கம்மா," என்றார் தவசிமுத்து. கெட்ட மனிதர் இல்லை. நேரம் மட்டும்தான் அவருக்குத் தெரியும். தினமும் ரேடியோச் செய்திக்குக் கைக்கடிகாரத்தைச் சரி வைத்துக்கொள்கிறவர்.

"ஒரே ஒரு பாக்கெட்டு சார். நேத்து மழ. ஜனம் வெளியவே வர்ல."

"மழையை எழுத படிவத்துல கட்டம் இல்லம்மா."

ஐரீன் தெருவைப் பார்த்தாள். ஆட்டோ போயிற்று, ஐஸ் வண்டி போயிற்று, பால் வேண்டிய முகம் ஒன்றும் வரவில்லை. அந்தோணியாரே, ஒரே ஒரு ஆள், பல்லில்லாத கிழவனாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு ஆளை அனுப்பு என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். அந்தோணியார் எத்திராஜை அனுப்பினார்.

எத்திராஜ் காசிமேட்டு மீன் ஏலக்காரர். முப்பது வருடம் ஏலம் கூவிக் கூவித் தொண்டை தகரமாகிவிட்டது. அன்றைய ஏலம் முடித்து, லுங்கியில் செதிலோடு, வீட்டுக்குப் போகிற வழியில் வந்தார்.

"இன்னா ஐரீனு, ஒண்ணுதான் கீதா?" என்றபடி பாக்கெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அது என்னுது."

தவசிமுத்துவின் கடிகாரத்தில் அப்போது ஒன்பது ஐம்பத்தெட்டு. எத்திராஜ் ஒரு கையைப் பாக்கெட்டின் மேலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்து, கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த, பணம் அனுப்புகிற க்யூஆர் சதுரத்தைப் படம் பிடித்தார். வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

சுற்றியது. ஒன்பது ஐம்பத்தொன்பது. ஐரீன் கடையிலிருந்த சத்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தாள். பணம் வந்தால் ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கிற பெட்டி, வாயைத் திறக்கவில்லை. பத்து. பத்து ஒன்று. "நெட்டு சுத்திக்கினே கீது," என்றார் எத்திராஜ் சாவகாசமாக. பத்து மூன்றுக்குப் பெட்டி கணீரென்று, பணம் பெறப்பட்டது என்றது.

ஐரீன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். எத்திராஜ் பாக்கெட்டைத் தூக்கப் போனார்.

"எடுக்காதீங்க!" தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டார். "பணம் வந்தது பத்து மூணு. கெடு பத்து. அப்ப இது கெடு முடிஞ்சு வித்த பால்."

"நான் ஒம்போது அம்பத்தெட்டுக்கே கை வெச்சிட்டன் சார். அப்பவே வித்தாச்சு."

"கை வச்சா வித்ததா?"

"பின்ன கால் வெச்சாவா?"

தவசிமுத்து யோசித்தார். விற்றது ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு என்றால் பாக்கெட் எத்திராஜின் சொத்து, அதைத் தொட அரசாங்கத்துக்கு உரிமை இல்லை. பத்து மூன்றுக்கு என்றால் ஐரீனுக்கு மூன்றாவது கரும்புள்ளி. விற்பனை எந்த நிமிடத்தில் முடிகிறது என்று விதிப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் தேடினார். பாலின் கொழுப்புக்கு ஒரு பக்கம் இருந்தது, பாக்கெட்டின் தடிமனுக்கு இரண்டு பக்கம் இருந்தது, இது இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டார். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்வரை நிலைமையில் எந்த மாற்றமும் கூடாது என்றது ஆபீஸ்.

"கையை எடுக்காதீங்க," என்றார் எத்திராஜிடம். "எடுத்தா நிலைமை மாறிடும்."

எத்திராஜ் பால் பாக்கெட்டின் மேல் கை வைத்தபடி நாற்பது நிமிடம் நின்றார். தெருவில் போனவர்கள் ஏதோ சத்தியம் செய்கிறார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பத்து நாற்பத்தொன்றுக்குக் கையை எடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் அனுமதி வந்தது.

பாக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அரக்கு வைத்து, ஐரீனின் பிரிட்ஜிலேயே மேல் தட்டில் வைத்தார்கள். விசாரணை முடியும்வரை அது சாட்சிப் பொருள். தவசிமுத்து தினமும் பத்து மணிக்கு வந்து, டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நோட்டில் எழுதினார். ஆறாம் நாள்: லேசான உப்பல். ஒன்பதாம் நாள்: உப்பல். பதினொன்றாம் நாள்: நல்ல உப்பல், உள்ளே சத்தம் இல்லை.

அதோடு விடவில்லை. கெடு முடிந்த பாலைக் கடையில் வைத்திருப்பதும் விதிப்படி தவறு என்பதால் தினமும் ஐரீனுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். அந்தப் பாலை அங்கே வைக்கச் சொன்னதே அரசாங்கம் என்பதால், கையோடு அந்த நோட்டீஸை ரத்து செய்து இன்னொரு நோட்டீஸ் கொடுத்தார். இரண்டிலும் ஐரீன் கையெழுத்துப் போட்டாள்.

"பேசாம ரெண்டையும் கொடுக்காம இருந்துடலாமே சார்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"கொடுக்காததை எப்படிம்மா ரத்து செய்யறது?" என்றார் தவசிமுத்து, மனம் நொந்துபோய்.

பதினேழாம் நாள் விசாரணை. விசாரணை அதிகாரி மகிமாவுக்கு நாற்பது வயதிருக்கும். சுறுசுறுப்பானவர். இந்தப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகவில்லை. மேசை மேல் டப்பாவுக்குள் பந்தாக உப்பியிருந்த பாக்கெட்டைப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"கையை வெச்சதும் வித்தாச்சுன்னு எந்த ஊர்ல இருக்கு?" என்று எத்திராஜைக் கேட்டார்.

"காசிமேட்டுல கீது மேடம். ஏலத்துல ஆயிரம் பேரு கத்துவான். யாரு வாயில இன்னா வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? நான் மூஞ்சிய பாக்க மாட்டேன், கையத்தான் பாப்பேன். ரேட்டு நிக்கும்போது கூடை மேல எந்தக் கை கீதோ, மீனு அந்தக் கைக்கு. துட்டு அப்பால வரும். முப்பது வருசத்துல நான் வெச்ச கையும் திரும்பினதில்ல, என்கிட்ட வெச்ச கையும் திரும்பினதில்ல."

"மீனுக்குச் சரி. பாலுக்கு?"

"என் கை அதே கைதான மேடம்."

மகிமா பேனாவைத் தட்டினார். "சொல்றதை வெச்சு நான் உத்தரவு எழுத முடியாது. நாளைக்குக் காலைல ஏலத்தை நேர்ல வந்து பார்க்கிறேன். கை வெச்சதும் விற்பனை முடியறதைக் கண்ணால பார்த்தா, பால் கெடுவுக்குள்ள வித்ததுன்னு எழுதறேன். இல்லைன்னா மூணாவது புள்ளி. மத்தியானமே பூத்துக்கு சீல்."

அன்று ஐரீன் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடம் ஒரு ஏலக்காரரின் உள்ளங்கைக்குள் வந்து அடங்கிவிட்டது. ஹென்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

காலை ஐந்தரைக்கு காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. விசைப்படகுகள் வந்து சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுக்க ஐஸ் தண்ணீர். மகிமா சுடிதார் காலை மடித்துவிட்டு, பைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பின்னால் தவசிமுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி. அவருக்குப் பின்னால் ஐரீன், ஜெபமாலையை முந்தானைக்குள் வைத்து உருட்டியபடி.

எத்திராஜ் முன்னால் ஒரு கூடை சங்கரா. இளஞ்சிவப்பாக, கண் தெளிந்து, அப்போதுதான் வலையிலிருந்து எடுத்த மாதிரி மீன். சுற்றி ஏழெட்டு மீன்காரப் பெண்கள். அவர்களில் முன்னால் நின்றவள் சிலுவையம்மாள். ஐரீனிடம்தான் தினமும் பால் வாங்குகிறவள், கூட்டத்தில் நுழைந்தால் ஆண்களே ஒதுங்கிக்கொள்கிற ஆகிருதி.

"நல்லா பாத்துக்கோ மேடம்," என்று சொல்லிவிட்டு எத்திராஜ் ஆரம்பித்தார். "ஆயிர்ரூபா, ஆயிர்ரூபா, ஆயிரத்து எர்நூறு, அக்கா கேக்குது ஐநூறு, ரெண்டாயிரம், ரெண்டாயிரம்..." வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடின. தொகை எது, பெயர் எது, திட்டு எது என்று வெளியாளுக்குப் பிரியாது. மகிமா காதைத் தீட்டிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். இன்னும் ஒரு அடி வந்தார். அந்த இரண்டாவது அடி ஒரு ஐஸ் துண்டின் மேல் விழுந்தது.

கால் வழுக்கியது. பைல் பறந்தது. விழாமல் இருக்க அவர் எதையாவது பிடிக்கப் பார்த்தார். அவருடைய வலது கை மணிக்கட்டு வரை சங்கராக் கூடைக்குள் இறங்கியது.

"ரெண்டாயிரத்து நானூறு!" என்றது எத்திராஜின் வாய். "போச்சு! சுடிதாரம்மாவுக்கு!"

அவர் அதை வேண்டுமென்று சொல்லவில்லை. முப்பது வருடப் பழக்கம், கையைக் கண்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது யாருடைய கை என்று அவருக்கே தெரிந்தது.

"நான் வாங்கலையே!" என்றார் மகிமா. "வழுக்கிடுச்சு!"

கூட்டம் அப்படியே நின்றது. ஐரீனுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த அம்மா மீனை வேண்டாம் என்று சொன்னால், கை வைத்தும் விற்பனை முடியவில்லை என்று ஆகிவிடும். பிறகு ஒன்பது ஐம்பத்தெட்டு ஏது, எத்திராஜ் ஏது, மத்தியானம் பூத்துக்கு சீல்.

மீனை நாமே விலை கொடுத்து எடுத்துக்கொண்டால் அந்த அம்மாவுக்குப் பாரம் குறையும், வேண்டாம் என்று சொல்லத் தேவையிருக்காது என்று தோன்றியது. ஐரீன் ஓடிப்போய்க் கூடையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதீங்கம்மா!" என்று தவசிமுத்து அலறினார். "விசாரணையில இருக்கிறவங்க விசாரணை அதிகாரியோட சுமையைக் குறைக்கிறது உதவி. உதவின்னா லஞ்சம்!"

ஐரீனின் கை கூடைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. கீழே இறக்கினால் லஞ்சம். பின்னால் இழுக்க மனம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மகிமா கையைக் கூடையிலிருந்து எடுத்தார். செதில் ஒட்டியிருந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மீனைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ரத்தச் சிவப்பு.

"இது எத்தனை கிலோ இருக்கும்?" என்று மெல்லக் கேட்டார்.

"பதினஞ்சுக்குக் கொறையாது மேடம்."

மகிமாவின் உதடுகள் கணக்குப் போடுவதை ஐரீன் பார்த்தாள். அவருடைய பேட்டையில் கண் கலங்கிய சங்கராவை என்ன விலைக்கு விற்கிறார்களோ தெரியவில்லை. அவர் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு போனை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்று எத்திராஜின் பணப் பெட்டியில் ஒட்டியிருந்த சதுரத்தைப் படம் பிடித்தார். வட்டம் சுற்றியது. துறைமுகத்தில் அந்த நேரத்துக்கு ஆயிரம் பேர் போனில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் சிலுவையம்மாள் குனிந்தாள். கூடையின் இரண்டு காதையும் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அடுத்தவர் கை வைத்த கூடையை அவள் முப்பது வருடத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. அன்றைக்கு ஏன் தூக்கினாய் என்று பின்னால் கேட்டவர்களிடம், "சும்மா, கனமா கீதான்னு பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அம்மாவுக்குத்தான் துட்டு போவலியே," என்றாள் ஊருக்கே கேட்கிற மாதிரி. "துட்டு போவாத மீனு யாருதும் இல்ல. நான் எடுத்துக்கினு போறேன்."

"கீழ வைங்க!" மகிமா பாய்ந்து கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அது என்னோடது!"

"உன்னுதுன்னு எப்டி சொல்ற? துட்டு வந்துச்சா?"

"வந்துக்கிட்டுதான இருக்கு! பணம் எங்க போயிடும்? நான்தான் முதல்ல கை வெச்சேன். கை வெச்சப்பவே அது என்னோடது!"

சொல்லி முடித்த பிறகுதான், கூவிக்கொண்டிருந்த மற்ற ஏலக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள் என்பது அவருக்கு உறைத்தது. ஐஸ் உடைக்கிறவன் கோடாலியைத் தூக்கியபடி நின்றான். சிலுவையம்மாள் கூடையைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

தவசிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"மேடம், நேரம் அஞ்சு நாப்பத்தேழு," என்றார். "வட்டம் இன்னும் சுத்துது. இப்ப சொன்னதை எழுதிக்கவா?"

மகிமா தவசிமுத்துவைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். அந்தரத்தில் நீட்டிய கையை இன்னும் இறக்காமல், கன்னம் நனைய நின்றுகொண்டிருந்த ஐரீனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் கூடை சிலுவையம்மாளுக்கு, பூத்துக்குப் பூட்டு.

"எழுதுங்க," என்றார். "பால் ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு விற்கப்பட்டது. கெடுவுக்கு ரெண்டு நிமிஷம் முன்னால. புள்ளி இல்லை."

ஐரீன் அங்கேயே, ஐஸ் தண்ணீரில், அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கல்யாணத்தில் அழவில்லை, அப்பா செத்தபோதுகூட இப்படி அழவில்லை. எத்திராஜ் பக்கத்தில் வந்து, "இன்னாத்துக்கு அழுவுற, அதான் முடிஞ்சிச்சே" என்றார். பிறகு அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. "சார், அப்போ அந்தப் பால் என்னுதா?"

"ஆமா. இன்னைக்குப் பத்து மணிக்கு வந்து, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடணும்."

"பதினெட்டு நாள் பாலு சார் அது! வெடிச்சிடும்!"

"கை வச்சீங்களே," என்றார் தவசிமுத்து.

மகிமா பதினைந்து கிலோ கூடையைத் தனியாக ஜீப் வரை இழுக்க ஆரம்பித்தார். இரண்டடி இழுத்து நின்றார், மூச்சு வாங்கினார், மறுபடி இழுத்தார். துப்பட்டா தரையில் புரண்டது. உதவிக்குப் போன ஒரு பெண்ணைத் தவசிமுத்து கையைக் காட்டித் தடுத்தார். உத்தரவு இன்னும் டைப் ஆகவில்லை, அதுவரை எல்லோரும் விசாரணையில் இருப்பவர்கள் என்றார்.

ஐரீன் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஓடிப்போய்க் கூடையின் இன்னொரு காதைப் பிடிக்க அவளுக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜீப் வரைக்கும் அந்த அம்மாவின் பக்கத்திலேயே நடந்தாள்.

"சங்கராவுக்குப் புளி கொஞ்சமா போதும் மேடம்," என்றாள். "தக்காளி தூக்கலா போடுங்க." தவசிமுத்து நோட்டைத் திறந்து, சமையல் குறிப்பு லஞ்சத்தில் சேருமா என்று பார்க்க ஆரம்பித்தார். அதற்குள் மணி ஆறாகிவிட்டது, பால் வண்டி வந்திருக்கும். ஐரீன் பூத்தைத் திறக்க ஓடினாள்.